வயிற்றில் இருந்த தம்பி

“உடம்பு எனக்கு ஒண்ணுமே சொல்றதில்லீங்க அம்மிணி,” என்றார் செங்கோடன். “நனைஞ்ச பிற்பாடுதான் தெரியுது. அதுவும் கண்ணால பார்த்துத்தான் தெரியுது.”

லீதியாள் அவருடைய வேட்டியைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

“முன்னாடி சொல்லுச்சுங்களா?” என்று கேட்டாள்.

செங்கோடன் வேட்டியின் நனைந்த இடத்தைக் கையால் மறைத்தார்.

*

பக்கவாதம் வந்து விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற இல்லம் அது. ஊருக்கு வெளியே, கல்குவாரிக்குப் போகும் சாலையில் இருந்தது. லீதியாள் அங்கே பயிற்சி கொடுப்பவள். செங்கோடனுக்கு மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டாள். அங்கே வந்தவர்கள் பலரும் அவளைத் திட்டிக்கொண்டேதான் நடக்கப் பழகினார்கள்.

செங்கோடன் லாரி ஓட்டியவர். சங்ககிரியிலிருந்து நாக்பூர், இந்தூர் என்று ஆயுள் முழுக்க ஓட்டினார். ஒரு நாள் பல் விளக்கும்போது அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். இடது கையிலும் காலிலும் கொஞ்சம் கொஞ்சமாக அசைவு திரும்பியது.

மூத்திரம் வருவது மட்டும் தெரியவில்லை.

மனைவி இறந்துவிட்டாள். பிள்ளை இல்லை. போக இருந்தது தம்பி குழந்தைவேலின் வீடு ஒன்றுதான். தம்பி மனைவி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். மூத்திரம் வருவதற்கு முன்னால் சொல்லத் தெரிந்தால் அவர் வரட்டும், சோறு போடுகிறேன். தெரியாவிட்டால் வேண்டாம். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஒரு ஆம்பிளையைப் புரட்டித் துடைக்க என்னால் ஆகாது.

சொல்லத் தெரியாவிட்டால் அநாதை விடுதி. இடமும் பார்த்து வைத்தாயிற்று.

அந்தப் பெண் சொன்னதில் தப்பு இல்லை. செங்கோடனுக்கும் அது தெரியும். தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

*

காலையில் லீதியாள் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்தாள்.

“என்ன இருக்கு?”

“துடிக்குதுங்க.”

“கையை எடுங்க. இப்ப?”

“ஒண்ணுமில்லை.”

“நின்னுபோச்சா?”

“நின்னிருந்தா உங்ககூடப் பேசிட்டு இருப்பனா?”

“அப்ப எங்க போச்சு?”

செங்கோடன் எரிச்சலோடு பார்த்தார். “இதைப் படிக்கத்தான் காலேஜுக்குப் போனீங்களா?”

“ஆமாங்கய்யா.”

ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

“அந்தத் தண்ணி இப்ப எங்க இருக்கு?”

“வயித்துல.”

“தெரியுதா?”

“வயித்துலதான இருக்கும்?”

“தெரியுதான்னு கேட்டேன்.”

“இல்லைங்க.”

“கண்ணை மூடிட்டு உள்ள பாருங்க. ஏதாவது வந்தா சொல்லுங்க.”

கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்.

“வெறும் இருட்டுங்க. லைட்டு போன வண்டி மாதிரி இருக்குது.”

“அந்த இருட்டையே பாருங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

*

பக்கத்துக் கட்டிலில் சிக்கந்தர் பாய் இருந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கால் விழுந்திருந்தது. வாய் விழவில்லை.

“அம்மா, இவரை வேற ரூமுக்கு மாத்துங்க,” என்று ஒரு நாள் லீதியாளிடம் சொன்னார்.

“ஏன் பாய்?”

“தம்பியைத் திட்ட ஆரம்பிச்சாருன்னா நான் என் செருப்பை எடுத்துக் கட்டில் மேல வெச்சுக்க வேண்டியிருக்கு. கொஞ்ச நேரத்துல இங்க வெள்ளம் வந்துருது.”

“யோவ் பாய், மூடுய்யா.”

“நான் மூடிக்குவேன். உன்னுதுதான் மூட மாட்டேங்குது.”

லீதியாள் சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“தம்பி என்ன பண்ணினார்?” என்று செங்கோடனைக் கேட்டாள்.

செங்கோடன் சொன்னார்.

அப்பா இறந்தபோது அவர் நாக்பூரில் லோடோடு நின்றிருந்தார். லாரி ஆபீசுக்குச் செய்தி வந்தது. அப்பாவுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். பூத்திலிருந்து போன் போட்டு, வர்றேன், எடுக்காம வெச்சிருங்க என்று சொன்னார். வண்டியை இன்னொருவனிடம் விட்டுவிட்டு ரயில் ஏறினார். ஊர் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் தண்ணீர் தெளித்து முடித்திருந்தார்கள். தம்பி மொட்டைத் தலையோடு வாசலில் நின்றான்.

“என் கொள்ளியை அவன் வெச்சுட்டான் அம்மிணி. ஒரு ராப்பொழுது பொறுத்திருக்கலாம். பொறுக்கலை.”

“அப்புறம்?”

“அப்புறம் பேசலை. ஆனா வண்டி ஓட்டறப்ப அவனைத்தான் நினைப்பேன். மலைப்பாதையில வண்டியை நிறுத்தக் கூடாதுங்க. நிறுத்தினா பின்னாடி ஏறித் தார்ப்பாயை அறுத்து மூட்டையை இறக்கிருவானுங்க. ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிட்டுத்தான் ஓட்டணும். அசந்துரவும் கூடாது. டீ எல்லாம் கொஞ்ச நேரம்தான். பீடியும் தீர்ந்துரும். இவனை நினைச்சா மட்டும் கண்ணு மூடாது. வயித்துல இருந்து கோபம் கிளம்பி நிக்கும். அது போதும், கீழ இறங்கற வரைக்கும்.”

“இப்பவும் வருதா?”

“தினமும் வருது.”

“எங்க?”

செங்கோடன் வலது கையால் தொப்புளுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

“இங்க. கல்லு மாதிரி. சூடா.”

“வந்தா?”

“திட்டுவேன்.”

“திட்டினா?”

செங்கோடன் யோசித்தார்.

“கொஞ்ச நேரத்துல தணிஞ்சுரும்.”

சிக்கந்தர் பாய் குனிந்து செருப்பை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

லீதியாள் எழுந்தாள்.

“அடுத்த தடவை வயித்துல தம்பி வந்தா திட்டாதீங்க. என்னைக் கூப்பிடுங்க. பாத்ரூமுக்குப் போலாம்.”

“எதுக்குங்க?”

அவள் அவரையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

செங்கோடனின் முகம் மெதுவாக மாறியது.

“அது கோபம் அம்மிணி.”

“இருக்கலாம்.”

“அப்ப, இத்தனை வருஷம் நான் வெச்சிருந்தது மூத்திரம்னு சொல்றீங்களா?”

“எனக்குத் தெரியாதுங்கய்யா. காலி பண்ணிட்டு நீங்களே பாருங்க.”

*

அவர் கூப்பிடவில்லை.

கல் வந்தது. வருவது இப்போது நன்றாகவே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். திட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. வேட்டி நனைந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

காலையில் லீதியாள் வந்து, “என்ன இருக்கு?” என்று கேட்பாள். “ஒண்ணுமில்லை,” என்பார். முன்பு சொன்னது உண்மை. இப்போது சொன்னது பொய். அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

சிக்கந்தர் பாய் கேலி செய்வதை விட்டுவிட்டார்.

“கூப்பிட்டா என்னய்யா?” என்று கேட்டார். “அந்தப் பொண்ணு சொல்றது சரின்னா நீ வீட்டுக்குப் போயிரலாம். விடுதியில போய்ச் சாவணுமா?”

“போயிட்டு வந்து பார்க்கறப்ப, உள்ள ஒண்ணுமே இல்லைன்னா?”

“இல்லைன்னா நல்லதுதான?”

“உனக்கு நல்லது.” செங்கோடனின் குரல் உடைந்திருந்தது. “நான் அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போகலை. என் பொண்டாட்டி செத்தன்னைக்கு மாலையோட வந்து வாசல்ல நின்னான். உள்ள விடலை. ரோட்டுலயே வெச்சுட்டுப் போனான். அதெல்லாம் எதுக்குய்யா பண்ணினேன்? ஒண்ணுக்கு வந்ததுக்கா?”

பாய் தன் செருப்பைக் கட்டிலிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

*

விடுதிக்கு அனுப்புகிற நாள் வந்தது.

குழந்தைவேல் காலையிலேயே வந்தான். அவனும் கிழவனாகியிருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தான்.

“மத்தியானம் விடுதி வண்டி வருதுண்ணா.”

“தெரியும்.”

“அவ முடியாதுங்கறா. நான் சொல்லிப் பார்த்தேன்.”

“உன்னை யாருடா சொல்லச் சொன்னது?”

குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டு நகத்தால் தோலை உரித்தான். உரிக்கத் தெரியவில்லை. சாறு வழிந்தது.

அப்போது வயிற்றில் கல் எழுந்தது.

வழக்கம்போல் வார்த்தைகளும் வாய்க்கு வந்து நின்றன. அன்னைக்கும் பொறுக்கலை, இன்னைக்கும் பொறுக்கலை. எதிரிலேயே ஆள் இருக்கிறான். இத்தனை காலம் சுவரைப் பார்த்துத் திட்டியதை நேரிலேயே திட்டலாம். பிறகு வேட்டி நனையும். வண்டி வரும்.

செங்கோடன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளியே கல் ஏற்றிய டிப்பர் ஒன்று போனது.

கல் குறையவில்லை.

தம்பியைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அந்தத் தலை, அந்தக் கை, அந்த மொட்டைத் தலையோடு நின்ற வாசல்.

கல் கூடவும் இல்லை.

அது தம்பியைக் கண்டுகொள்ளவே இல்லை. அது பாட்டுக்கு அங்கே இருந்தது.



“ஒண்ணுக்கு வருது,” என்றார் செங்கோடன்.

குழந்தைவேலுக்குப் புரியவில்லை. “என்னண்ணா?”

“யோவ், தூக்குய்யா சீக்கிரம்!” என்று கத்தினார் சிக்கந்தர் பாய்.

லீதியாள் கதவருகே நின்றிருந்தாள். அவள் அசையவில்லை.

குழந்தைவேல் பழத்தைப் படுக்கையிலேயே போட்டுவிட்டு அண்ணனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். இடது கால் தரையில் இழுபட்டது. பாத்ரூமுக்குள் கொண்டுபோய் நிறுத்தி, சுவரில் சாய்த்துப் பிடித்து, வேட்டியை ஒதுக்கினான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வேட்டி நனையவில்லை.

*

திரும்பிக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

“போச்சா?” என்றாள் லீதியாள்.

“போச்சுங்க.”

“கண்ணை மூடுங்க. இப்ப என்ன இருக்கு?”

செங்கோடன் உடனே மூடவில்லை. அவளையே பார்த்தார். வேண்டாம் அம்மிணி என்று கேட்பதுபோல் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

மூடினார்.

தொப்புளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கல் இல்லை, சூடு இல்லை. லோடு இறக்கிய வண்டி மாதிரி அந்த இடம் வெறுமனே கிடந்தது.

வலது கையை அங்கே வைத்துப் பார்த்தார்.

குழந்தைவேல் கழுவிய கையைத் துடைக்கத் துணி எங்கே என்று தெரியாமல் ஈரத்தோடு நின்றான். செங்கோடன் கண்ணைத் திறக்கவில்லை.

வெகு நேரம் ஆயிற்று.

“இருக்குது,” என்றார்.

“எங்க?”

கை வயிற்றைத் தாண்டி மேலே போனது. நெஞ்சைத் தாண்டியது. தொண்டைக்குக் கீழே போய் நின்றது.

“இங்க. சின்னதா இருக்குது. சூடு இல்லீங்க.”

“ஒண்ணுக்கா?”

“இல்லை.”

“நிச்சயமாத் தெரியுதா?”

“தெரியுது.” கண்ணை மூடியபடியே விரலைத் தம்பி நின்ற பக்கம் நீட்டினார். “இது அவன்தான்.”

குழந்தைவேல் ஒரு அடி முன்னால் வந்தான். “அண்ணா, சித்திரை மாசம். அன்னைக்கு நம்ம ஊர்ல ஐஸ் பெட்டி கிடையாது. அப்பாவை…”

“பேசாதடா.”

குழந்தைவேல் நிறுத்திக்கொண்டான்.

செங்கோடன் கண்ணைத் திறந்தார். கண் சிவந்திருந்தது. லீதியாளைப் பார்த்துக் கேட்டார்.

“இதை நான் என்ன பண்ணட்டுங்க அம்மிணி?”

லீதியாள் குழந்தைவேலின் பக்கம் திரும்பினாள்.

“விடுதிக்குப் போன் பண்ணி வண்டி வேண்டாம்னு சொல்லிருங்க,” என்றாள். “இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”