வேறு காரணம்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் சகஜம்.

குரு ரிஸ்வானா, கல்வியியல் துறைப் பேராசிரியர். சீடர் சங்கிலிமுத்து, அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருடம் தமிழ் வழியில் கணக்கு நடத்தியவர். பிஎச்.டி. முடித்தே தீருவேன் என்று நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார். இருவருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடிக்கும். வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

அன்று மத்தியானம் சங்கிலிமுத்து ஒரு கட்டுத் தாள்களோடு குருவின் அறைக்கு வந்தார். பெண்ணுக்கு வரன் முடிந்த அப்பாவின் களை முகத்தில்.

"முடிஞ்சுது மேடம். நானூத்திப் பன்னெண்டு படிவம்."

வகுப்பில் செல்போனும் லேப்டாப்பும் வைத்துக்கொள்வதைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. விஷயம் ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. போனை விடுவதா தடுப்பதா என்று குழம்பிக்கொண்டிருந்த நிர்வாகம், 'சங்கிலிமுத்து சாரே சொல்லட்டும்' என்று அவரிடம் பரிந்துரை கேட்டிருந்தது. நாலு மணிக்குள் கடிதம் போக வேண்டும். அவர் எழுதுவதுதான் திங்கட்கிழமையிலிருந்து எல்லா வகுப்புக்கும் சட்டம்.

கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"என்ன எழுதியிருக்கீங்க சார்?"

"வகுப்பு வாசல்ல ஒரு பெட்டி. உள்ள வரும்போதே போனைப் போட்டுடணும். போகும்போது எடுத்துக்கலாம்."

"பிள்ளைங்க அப்படியா கேட்டாங்க?"

"அவங்க எங்க மேடம் கேக்கப் போறாங்க? ஆனா காரணத்தை அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. பாருங்க."

நான்காவது கேள்வியைக் காட்டினார். வகுப்பில் போனை எதற்குப் பார்க்கிறீர்கள்? கீழே கட்டங்கள்: அரட்டை, வீடியோ, விளையாட்டு, வீட்டிலிருந்து அழைப்பு. கடைசியில் 'வேறு காரணம்' என்று ஒரு கோடு. முக்கால்வாசிப் பேர் அரட்டைக்கு டிக் போட்டிருந்தார்கள்.

"வேறு காரணம் யாரும் எழுதலையா?"

"ரெண்டே பேர். ஒரு பொண்ணு மணி பாக்கன்னு எழுதியிருக்கு. இன்னொருத்தன் பூனை வரைஞ்சிருக்கான்."

"பூனையா?"

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கான், கழுதை."

ரிஸ்வானா சிரித்தார். கட்டின் அடியில் மிச்சமிருந்த வெற்றுப் படிவம் ஒன்றை உருவி அவர் முன்னால் வைத்தார்.

"நீங்க ஒண்ணு நிரப்புங்க சார்."

"நானா? நான் ஆராய்ச்சி பண்றவன் மேடம்."

"செவ்வாய்க்கிழமை என் வகுப்புல மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கீங்களே. அங்க நீங்க ஸ்டூடண்ட்தானே?"

உண்மைதான். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் படித்தாக வேண்டிய புள்ளியியல் பாடம் அது. நடத்துவது ஆங்கிலத்தில். சுற்றிலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள்.

சங்கிலிமுத்து பேனாவைத் திறந்தார். பெயர், பதிவு எண் எல்லாம் கடகடவென்று எழுதினார். நான்காவது கேள்வியில் கை நின்றது. மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரு டிக் போட்டார். வீட்டிலிருந்து அழைப்பு.

ரிஸ்வானா அதை எட்டிப் பார்த்தார்.

"போன வாரம் ஹெட்டிரோசிடாஸ்டிசிட்டி நடத்தினேன். அந்தப் பேரைச் சொன்னதுமே நீங்க பெஞ்சுக்கு அடியில போனை எடுத்தீங்க. வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன் சார்."

சங்கிலிமுத்துவின் காது சிவந்தது.

"வீட்ல எல்லாரும் சௌக்கியம் மேடம்."

"அப்புறம்?"

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேடினேன்." குரல் பாதியாகிவிட்டது. "மூணு தரம் தப்பா அடிச்சேன். நாலாவது தரம் வந்துச்சு. வந்து என்ன புண்ணியம்? அதுவும் இங்கிலீஷ்லதான் இருந்துச்சு."

"இதை ஏன் எழுதலை?"

"எப்படி எழுதுவேன்? கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு புரியலைன்னா ஊர் சிரிக்காதா?"

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"அத்தனை பேர் நடுவுலயா? நான் கை தூக்கினா மொத்த வகுப்பும் திரும்பிப் பாக்கும் மேடம். அம்பத்தொரு வயசுல அது முடியாது."

"பத்தொம்பது வயசுல முடியுமா சார்?"

சங்கிலிமுத்து கட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவருடைய பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளும் அதில் உண்டு. பெயர்களைத் தேடித் தேடி எடுத்தார். பன்னிரண்டு பேர். அவர் கையால் வாய்ப்பாடு படித்தவர்கள். அத்தனை பேரும் அரட்டைக்கு டிக் போட்டிருந்தார்கள்.

"திமிர் பிடிச்சதுங்கன்னு நினைச்சேன் மேடம்," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை.

ரிஸ்வானாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன் சார். பதினோரு வருஷமா அந்தப் பாடம் எடுக்கறேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் புரியலைன்னு சொன்னதில்லை. பிரமாதமா நடத்தறேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அலுவலக உதவியாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"கடிதம் ரெடியா சார்? கேக்கறாங்க."

"அஞ்சு நிமிஷம்," என்றார் ரிஸ்வானா. கதவு மூடியது.

சங்கிலிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எல்லாரும் அர்த்தம் தேடறவங்க இல்லை மேடம். நிஜமாவே விளையாடறவனும் இருக்கான்."

"இருக்கான் சார். நிறையப் பேரு இருக்காங்க."

"அப்ப நான் என்னதான் எழுதறது? பெட்டி வைக்கணுமா, வேண்டாமா?"

ரிஸ்வானா கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"தாராளமா வைங்க சார். போனைப் பெட்டியில போட்டுட்டு மூணாவது பெஞ்சுல வந்து உக்காந்தப்புறம், அந்த வார்த்தையை யார்கிட்ட கேப்பீங்கன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க."