இயக்குநர் சிரிக்க வேண்டிய காட்சி

நடிகை புஷ்பவல்லியின் பருமனைக் கிண்டலடித்து டி.வி. காமெடி எடுத்தார் இயக்குநர் தயாபரன். யாருமே சிரிக்கவில்லை. ஒலிப்பதிவு உதவியாளன் ஞானமுத்துவிடம் எகிறினார்:

"காட்சிக்குப் பின்னால போட பழைய டேப் சிரிப்பு வேண்டாம். நிஜச் சிரிப்பு வேணும். இல்லேன்னா நடையைக் கட்டு!"

"ஆகட்டும் சார். எழுதின நீங்களே மைக்கில சிரிங்க. அதையே நூறு பேர் சிரிப்பா ஆக்கிடறேன்."

ஹெட்போன் மாட்டித் தன் ஜோக்கைக் கேட்டார் தயாபரன். இருமல்தான் வந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார். வியர்த்ததே தவிர சிரிப்பு வரவில்லை. டப்பிங்குக்கு வந்திருந்த புஷ்பவல்லி அவர் முழியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"பிரமாதமான சிரிப்பு! பதிவாச்சா?"

"ஆச்சு சார். இதுக்குத் தகுந்த காட்சிதான் நம்மகிட்ட இல்லை."

தயாபரன் அந்தக் கிண்டல் காட்சியையே வெட்டினார்.

மதியம் தன் கேரியரைத் திறந்து ஞானமுத்துவுக்கு மீன் குழம்பு ஊற்றினாள் புஷ்பவல்லி. "இத்தனை வருஷ காமெடியில நானும் சிரிச்சது இன்னிக்குத்தான் தம்பி. நல்லா இரு!"