தண்ணி எப்ப ஏறுச்சு?

"சர்க்கஸா? நான் நடத்துனது சர்க்கஸா சார்?

"பிள்ளைங்க கை தட்டுச்சுல்லா? விளக்கம் சரின்னு நீங்களே சொல்லுதீங்க. பின்ன எதுல சார் குறை?

"ஒரு பிள்ளையும் கேள்வி கேக்கலையா? எல்லாம் வெளங்கிட்டா எதுக்கு சார் கேள்வி கேக்கணும்?

"சரி. நாளைக்கு வாங்க. இதே சோதனையத்தான் பண்ணுவேன். வந்து பாருங்க!"

செல்வகனி போனை பட்டுனு வச்சா.

பி.எட். படிக்கிறவ. பயிற்சிக்கு இந்த ஹைஸ்கூலுக்கு வந்தவ. போன்ல இருந்தது, அவளுக்கு மார்க் போடுற காலேஜ் சார்; இன்னைக்கு அவ வகுப்ப கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்துட்டுப் போனவரு. நாளைக்கு கடைசி வகுப்பு. அதுல கவுந்தா ஒரு வருசமே போச்சு.

லேப்ல ரெஜினா டீச்சர் பீக்கர் கழுவிட்டு இருந்தாங்க. கனியோட வழிகாட்டி டீச்சர். பேச்சு கம்மி.

"கேட்டீங்களா டீச்சர்? சர்க்கஸாம்!"

"கேட்டுச்சு. தெருவுக்கே கேட்டுச்சு."

"நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

"பண்ணிக் காட்டு."

கனி தட்டுல தண்ணி ஊத்துனா. நடுவுல மெழுகுவத்திய நிறுத்திக் கொளுத்துனா. மேல கண்ணாடி டம்ளரைக் கவுத்தா. டீச்சர் முகத்தையே பாத்து கணீர்னு சொன்னா.

"எரியிறதுக்கு ஆக்ஸிஜன் வேணும். உள்ள இருக்குற ஆக்ஸிஜன் தீருது. அந்த எடத்துக்குத் தண்ணி ஏறுது!"

டம்ளருக்குள்ள தண்ணி ஏறியிருந்துச்சு.

ரெஜினா டீச்சர் கை தட்டுனாங்க.

"நக்கலா டீச்சர்?"

"தண்ணி எப்ப ஏறுச்சு?"

"எரியும்போது."

"பாத்தியா?"

கனி டம்ளரைத் திரும்பிப் பாத்தா.

"பிள்ளைங்க முகத்தப் பாத்துதான் பேசணும், சாமானப் பாக்கக் கூடாதுன்னு காலேஜ்ல சொல்லியிருக்காங்க. அதுக்குத் தனி மார்க்கு."

"இங்க மார்க்கு இல்ல. பாரு."

கனி மறுபடி கொளுத்திக் கவுத்துட்டுக் குனிஞ்சா. கண்ண டம்ளருக்கு நேரா வச்சா.

சுடர் எரிஞ்சுது. தண்ணி அசையல. டம்ளர் வெளிம்புல குமிழிதான் ரெண்டு வந்துச்சு.

சுடர் சுருங்கி அணைஞ்சுது.

அதுக்கப்புறம் ஏறுச்சு பாருங்க தண்ணி, கிடுகிடுன்னு.

"அணைஞ்ச பிறகுல்லா ஏறுது!"

டீச்சர் இழுப்பறையில இருந்து இன்னும் ரெண்டு மெழுகுவத்திய எடுத்து அவ முன்னால வச்சுட்டு, பீக்கர் கழுவப் போய்ட்டாங்க.

கனி மூணையும் கொளுத்துனா. அதே டம்ளரைக் கவுத்தா.

தண்ணி முன்னவிட மேல ஏறுச்சு.

"அதே டம்ளர். அதே காத்து. ஆக்ஸிஜன் மட்டும் எப்படிக் கூடும்?"

கனிக்குக் கோவம் உச்சிக்கு ஏறிட்டு.

"அப்ப எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க பூரா புளுகுனாங்களா?"

"அவங்களும் பிள்ளைங்க முகத்தப் பாத்தே சொல்லியிருப்பாங்க."

"சரி, காரணத்தச் சொல்லுங்க."

"சொன்னா அதையும் ஒப்பிச்சிருவ."

கனி பல்லக் கடிச்சா. மறுபடி கொளுத்துனா. மறுபடி கவுத்தா. தண்ணி ஏறுறதுக்கு முந்தி டம்ளரைத் தொட்டா. சுட்டுச்சு. ஏறுன பிறகு தொட்டுப் பாத்தா. ஆறிட்டு இருந்துச்சு.

"சூடுதான்! சூட்டுல காத்து வீங்கி குமிழியா வெளிய போவுது. ஆறுனதும் மிச்சக் காத்து சுருங்குது, தண்ணி உள்ள பாயுது. டீச்சர், இத நாளைக்கு எப்படிச் சொல்ல?"

ரெஜினா டீச்சர் குழாயை மூடுனாங்க.

"எதுக்குச் சொல்லணும்?"

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு. காலேஜ் சார் பேனாவத் திறந்துட்டு கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாரு.

"நேத்து பாத்ததுதான டீச்சர்?"ன்னான் அபினேஷ். "இன்னைக்கு நான் கை தட்ட மாட்டேன்."

"தட்டாத. கிட்ட வா. எல்லாரும் வாங்க. தண்ணி எப்ப ஏறுதுன்னு மட்டும் பாருங்க."

கவுத்தா.

"அணைஞ்ச பிறகு!"

"போடா, அதுக்கு முன்னாடியே ஏறிட்டு!"

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? டீச்சர், இன்னொருக்கா!"

இன்னொருக்கா நடந்துச்சு. சண்டை கூடிட்டு. கனி மூணு மெழுகுவத்திய வச்சா. தண்ணி இன்னும் மேல ஏறுச்சு. கை தட்டு இல்ல.

பின்னால இருந்து சகாயமேரி முட்டிட்டு முன்னால வந்தா.

"டீச்சர், நேத்து ஆக்ஸிஜன் தீந்து போச்சுன்னு சொன்னீங்க. மூணு வச்சா கூட ஏறுதே. கூடுதல் ஆக்ஸிஜன் எங்கேருந்து வந்துச்சு? அப்ப நேத்து சொன்னது பொய்யா?"

காரணம் கனி நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. முழுங்குனா.

"நான் சொன்னது தப்பு. ஆனா அது சரிதான்னு இந்த வகுப்புல இருக்குற இன்னொருத்தரும் நேத்து எங்கிட்ட சொன்னாரு."

அவ கடைசி பெஞ்சைப் பாத்தா. வகுப்பே திரும்புச்சு.

"சார், பேனாவக் கீழ வைங்க. எந்திரிச்சு முன்னால வாங்க. பிள்ள கேள்வி கேட்டிருக்கா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி பதில் சொல்லுங்க."