ஊர்க்கூடத்துக் கூரை

கட்டடக் கலைஞர் பூங்கோதையிடம் பாடம் கேட்க வந்த அருணகிரிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. குருவுக்கோ ஒரு முடிகூட நரைக்கவில்லை. நகரத்தில் பெரிய பெரிய கடை வளாகங்களாகக் கட்டித் தள்ளி, போதும் போதும் என்றாகி, நாலு பேருக்கு உதவுகிற மாதிரி ஒன்றாவது கட்ட வேண்டும் என்று வந்த மனிதர் அருணகிரி. அப்படி அவர் முதலில் கட்டியது, உப்பளத் தொழிலாளர் வாழும் ஓர் ஊருக்கு ஊர்க்கூடம்.

அழகென்றால் அப்படி ஓர் அழகு. நடுவில் ஒரு தூண் கிடையாது, உத்தரம் கிடையாது. செங்கல்லாலேயே வளைத்த கூரை. வெளியே உப்புப் பாத்திகளைப் பார்த்தால் கண் கூசும். உள்ளே நுழைந்தால் உடம்பே குளிர்ந்துபோகும்.

முதல் கூட்டம், குடிநீர்க் குழாயை எந்தத் தெருவுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்ய. ஆண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பெண்களோ வெளியே பூவரச மரத்தடியிலேயே இருந்துவிட்டார்கள்.

அருணகிரி ஓடிப்போய் அழைத்தார்.

"உள்ளே வாங்கம்மா. உங்களுக்காகத்தானே கட்டினது?"

"பிள்ள தூங்குது சார்" என்றாள் ஒருத்தி, கிளையில் தொங்கிய சேலைத் தூளியை ஆட்டியபடி.

"தூக்கிட்டு வாங்க."

"தூக்குனா முழிச்சிரும்லா?"

சாக்குச் சொல்கிறார்கள் என்று அவருக்குச் சுருக்கென்றது. பெண்கள் இல்லாத கூட்டம் செல்லாது என்று, குழாய் போட வந்திருந்த அதிகாரி எழுந்து போய்விட்டார். தண்ணீர் தள்ளிப்போயிற்று.

"அடுத்த தடவையும் இப்படின்னா, கூடத்துல உப்பு மூட்டைய அடுக்கிருவேன்" என்றார் ஊர்த் தலைவர்.

அருணகிரி குருவிடம் வந்து நின்றார்.

"அம்மா, என் கட்டடத்தில் என்ன குறை?"

பூங்கோதை அவரோடு கிளம்பி வந்தார். கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அண்ணாந்து பார்த்து, "எனக்கு இப்படி வளைக்க வராது" என்றார். மனசாரத்தான் சொன்னார், அருணகிரிக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு மரத்தடிக்குப் போய், ஒரு தாயிடம் கேட்டு, தூங்குகிற பிள்ளையைச் சேலையோடு வாங்கி வந்து சீடரின் கையில் வைத்தார்.

"உள்ளே கொண்டுபோய்த் தூங்க வையுங்கள். நாங்கள் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கிறோம்."

கை மாறியதுமே பிள்ளை விழித்துக்கொண்டது. தரையில் கிடத்தினார், வீல் என்றது. தோளில் போட்டார், இன்னும் பெரிதாக வீல் என்றது. சேலையைக் கட்டி ஆட்டலாம் என்று மேலே பார்த்தார். வழவழவென்ற கூரை. ஒரு முடிச்சுப் போட இடமில்லை. சேலையும் பிள்ளையுமாக மூலைக்கு மூலை நடந்தார். போதாக்குறைக்கு அந்த வளைவு அழுகையை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது.

தாய் வந்து பிள்ளையை வாங்கிப் போனாள். கிளையில் தூளி ஏறியதும் சத்தம் அடங்கியது.

அருணகிரி வெளியே வந்தார்.

"சுவருக்குச் சுவர் இரும்புக் குழாய் போடலாம். ஆனால் கூரையின் அழகு கெட்டுப்போகுமே அம்மா?"

"கெடும்."

"போடட்டுமா?"

"உங்கள் கூரை."

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. மூன்றாம் நாள் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

அடுத்த கூட்டத்தில் கூடம் முழுக்கச் சேலைகள் தொங்கின. பெண்கள் தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, பிள்ளையை ஆட்டிக்கொண்டே தலைவரையும் ஓர் ஆட்டு ஆட்டினார்கள். குடிநீர்க் குழாய் தலைவர் தெருவை விட்டுவிட்டு, குடம் தூக்கி இடுப்பொடிந்தவர்கள் தெருவுக்கு வந்தது. அருணகிரி வாசலில் நின்று, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியொரு பேச்சு!

அதற்குப் பிறகு கூடம் சும்மா கிடந்த நாளே இல்லை. ஒரு மத்தியானம், சிறந்த கட்டடத்துக்கான விருதுக்குப் படம் எடுக்க ஆள் வந்தார். உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. படக்காரர் கேமராவை ஒவ்வொரு மூலையாக வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் சேலைதான்.

"கூரையே தெரியலையே சார்" என்றார்.

அருணகிரிக்குப் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. கூடத்தைப் பார்க்க வந்து வாசலில் நின்ற குருவின் அருகே போய்த் தயங்கினார்.

"அம்மா, ஒரே ஒரு படம். கொஞ்ச நேரம் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளச் சொல்லட்டுமா?"

"தாராளமாகச் சொல்லுங்கள்" என்றார் பூங்கோதை. "எந்தப் பிள்ளையை முதலில் எழுப்பப் போகிறீர்கள்?"