வாய் உண்டு, ஓட்டு இல்லை

ஹாலந்து தேசத்தில் சில நூறு வருஷங்களுக்கு முன் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல் கேட்கவேண்டும். அங்கே நாட்டுச் சபைக்கு ஒவ்வொரு நகரமும் இருவரை அனுப்பும். ஒருவர் மேயர், ஓட்டு அவருடையது. மற்றவர் பென்ஷனரி. பென்ஷன் வாங்கும் கிழவர் என்று நினைத்துவிடாதீர்கள்! சட்டம் படித்த பெரிய அதிகாரி. நகரமன்றம் முடிவு செய்ததைச் சபையில் எழுந்து சொல்வது அவர் வேலை. வாய் உண்டு, ஓட்டுக் கிடையாது. மன்றத்தில் பேசியதை வெளியே மூச்சு விடுவதில்லை என்று சத்தியமும் செய்திருப்பார்.

வெஸ்டர்லேக் நகரத்துப் பென்ஷனரியின் பெயர் லீவென். எதிரிப் படை எல்லை தாண்டியிருந்த நேரம். ஆற்றங்கரையை வெட்டித் தாழ்நிலங்களை வெள்ளக்காடாக்கினால் படை நின்றுவிடும். ஆனால் எல்லா நகரங்களும் ஒத்துக்கொண்டால்தான் வெட்டலாம். எங்கள் வயல்களை மூழ்கடிக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டு வாரும் என்றது வெஸ்டர்லேக் மன்றம். வேறு எது சொல்வதானாலும் திரும்பி வந்து கேட்டுவிட்டுத்தான் சொல்லவேண்டும்.

லீவெனின் அக்கா ஆலெய்ட் அந்தத் தாழ்நிலத்தில்தான் குடியிருந்தாள். கரையை வெட்டப்போகிறார்கள் என்று வதந்தி பரவி, அக்கம்பக்கத்தார் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். சபைக்குப் போகிற வழியில் லீவென் அவள் வீட்டில் இறங்கினான். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"நீ எங்கும் போகவேண்டாம் அக்கா. நம் நகரம் மறுக்கப்போகிறது" என்றான்.

அவள் கட்டிவைத்த மூட்டைகளைப் பிரித்தாள்.

சபைக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழ். படை நெருங்கிவிட்டது. மற்ற நகரங்கள் எல்லாம் சம்மதித்துவிட்டன. திரும்பிப் போய்க் கேட்க நேரமில்லை, மறுத்தால் நாடே போய்விடும். என்ன சொல்லட்டும் என்று பக்கத்திலிருந்த மேயர் ஃப்லோரிஸின் காதோடு கேட்டான்.

"பேசுவது உம் வேலை" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லீவென் எழுந்தான். "வெஸ்டர்லேக் சம்மதிக்கிறது" என்றான். மேயர் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்கு உடனே ஆள் அனுப்பினான். ஆளுக்கு முன்னால் தண்ணீர் போய்விட்டது. படை அக்கரையிலேயே நின்றது, நாடு பிழைத்தது. தொழுவத்தில் மாடுகளை அவிழ்க்கப் போன ஆலெய்டின் கணவர் திரும்பவில்லை.

உத்தரவை மீறி நகரத்தின் சம்மதத்தைக் கொடுத்தாய் என்று மன்றம் லீவெனை நிறுத்தி விசாரித்தது. விசாரித்தவர்களில் மேயரும் ஒருவர். ஆலெய்ட் மன்ற வாசலில் நின்றாள். அழவில்லை, தம்பியைப் பார்க்கவும் இல்லை. லீவென் "ஆமாம், சொன்னேன்" என்றதோடு சரி. பதவி போயிற்று.

இப்போது சொல்லுங்கள். அந்தச் சம்மதம் யாருடையது? அந்தச் சாவு யார் செய்த பிழை?

சம்மதம் மேயருடையது. 'அது எங்கள் ஓட்டு அல்ல' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லீவெனின் பேச்சு காற்றோடு போயிருக்கும். ஓட்டுள்ளவர் சும்மா இருந்ததால்தான் அது நகரத்தின் ஓட்டாயிற்று. சாவு மட்டும் லீவெனுடையது. மன்றத்தின் முடிவை யாரும் சொல்லாததால் அக்கம்பக்கத்தார் தப்பித்தார்கள். சத்தியத்தை மீறி, போகவேண்டாம் என்று சொன்னவன் அவன் ஒருவனே. இரண்டுமே லீவெனுக்கு அன்றைக்கே தெரியும். மன்றத்துக்குச் சொல்ல அவனிடம் நல்ல பதில் இருந்தது. வாசலில் நின்றவளுக்குச் சொல்லத்தான் பதில் இல்லை. அதனால்தான் பேசாமல் போனான்.