விளக்குக்கூண்டுச் சந்தையை இழந்த வழக்கு

சேந்தன்பட்டினத்தில் விளக்குக்கூண்டுச் சந்தையை இடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அது இடிபடக் காரணம் மீன் விற்கும் சூசைமரியாள்தான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அவர் தரப்பை யாரும் கேட்கவில்லை. நடந்ததை நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் தீர்ப்பு எழுதுங்கள்.

நூற்று முப்பது வயதுக் கட்டடம் அது. வார்ப்பிரும்புத் தூண்கள், ஓட்டுக் கூரை, உச்சியில் ஒரு கண்ணாடி விளக்குக்கூண்டு. உள்ளே எண்பத்தாறு பேர் மீனும் கருவாடும் காய்கறியும் விற்றார்கள். நகராட்சி அதை இடித்துவிட்டு ஐந்து மாடி வணிக வளாகம் கட்ட முடிவு செய்தது.

நகரமைப்புத் துறையில் உதவி இயக்குநராக இருந்த அமிர்தகௌரிக்கு இது பொறுக்கவில்லை. மரபுக் கட்டடப் பட்டியலில் சேர்த்துவிட்டால் சந்தையின் மேல் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் பட்டியலில் சேர்க்க, அங்கே கடை வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. அவர்களோ தயங்கினார்கள். கூரை ஒழுகியது; புதுக் கட்டடம் வந்தால் கழிப்பறையாவது வரும் என்று நினைத்தார்கள். அமிர்தகௌரி, வியாபாரிகள் சங்கச் செயலாளரான சூசைமரியாளைத் தேடி மூன்று முறை போனார்.

"புதுக் கட்டடத்துல உங்களுக்கு இடம் உண்டுன்னு யாரும் எழுதிக் குடுக்கல, அக்கா. இந்தக் கட்டடம் நின்னா நீங்களும் இங்கயே இருப்பீங்க. அதுக்கு நான் பொறுப்பு," என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பி சூசைமரியாள் கடை கடையாக நடந்தார். எண்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். பட்டியலில் சேர்ப்பதற்கான இடைக்கால ஆணை வந்தது. ஊரே கொண்டாடியது.

ஆணையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. மீன், கருவாடு, காய்கறி என்று ஈரம் சார்ந்த வியாபாரம் எல்லாம் ஆறு வாரத்துக்குள் வெளியேற வேண்டும். அந்த இடத்தில் கைவினைக் காட்சிக்கூடமும் காபிக் கடையும் அமையும். வெளியேறுகிறவர்களுக்குப் புறவழிச்சாலைக்கு அப்பால், பேருந்தே போகாத இடத்தில் ஒரு தகரக் கொட்டகை.

நிபந்தனையை எழுதியவர், பட்டியலை முடிவுசெய்யும் மரபுக் கட்டடக் குழுவின் வல்லுநர், பேராசிரியர் ரகோத்தமன். அவர் பொய் சொல்பவர் அல்லர். பதினொரு தூண்களின் அடியை மீன் கடைகளிலிருந்து வழியும் உப்புத் தண்ணீர் அரித்திருந்தது. இப்படியே விட்டால் இருபது ஆண்டில் கூரை விழும் என்று அளந்தே சொன்னார். தூண்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றினால் வியாபாரிகளும் இருக்கலாமே என்று அமிர்தகௌரி கேட்டார். தரையை வெட்டினால் அது அசல் தரையாக இருக்காது என்று பேராசிரியர் மறுத்தார். கட்டடத்தைக் காப்பதுதான் தன் வேலை, வியாபாரத்தைக் காக்க வேறு துறை இருக்கிறது என்றும் சொன்னார்.

அமிர்தகௌரி கோப்பில் மூன்று முறை எதிர்ப்பு எழுதினார். வியாபாரிகளை வெளியேற்றும் நோட்டீஸைக் கொடுக்க மேலிடம் அவரையே அனுப்பியது. சந்தைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது சூசைமரியாள் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்போ எங்க கையெழுத்த வச்சே எங்கள வெளிய தள்ளுறீங்க," என்றார்.

அமிர்தகௌரி, எந்த அதிகாரியும் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார்: இறுதி அறிவிப்பு வரும் வரை, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பெற்றால் பட்டியல் ரத்தாகும், சந்தையை இடிப்பார்கள். அந்தக் கட்டடத்துக்காக மூன்று ஆண்டு அலைந்தவர் இதைத் தன் வாயாலேயே சொன்னார்.

சூசைமரியாள் அவசரப்படவில்லை. முதலில் நகராட்சிக்குப் போனார். புது வளாகத்தின் தரைத்தளத்தில் எண்பத்தாறு இடம், தண்ணீர்க் குழாய், கட்டி முடியும் வரை அதே தெருவில் கடை. இவ்வளவையும் நகர்மன்றத் தீர்மானமாக்கி முத்திரையோடு நகல் கேட்டார். இம்முறை வாய்வார்த்தை வேண்டாம் என்றார். நகல் கிடைத்ததும், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக வியாபாரிகள் கையெழுத்திட்ட கடிதத்தோடு பேராசிரியரின் வீட்டுக்குப் போனார்.

"வாய்க்கால் வெட்டலாம்னு ஒரு வரி எழுதுங்க, ஐயா. இந்தக் கடுதாசிய இங்கயே கிழிச்சுப் போடுறேன். எங்களுக்கும் இந்தக் கட்டடம் வேணும்."

பேராசிரியர் மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முடியாது என்றார். கடிதம் மறுநாள் குழுவின் அலுவலகத்துக்குப் போனது.

பன்னிரண்டாம் நாள் ஓடுகளை இறக்கினார்கள். கிரேன் விளக்குக்கூண்டைத் தூக்கியபோது கண்ணாடிகள் தெருவில் சிதறின. எதிரே நின்றிருந்த சூசைமரியாள் அது இறங்கும் வரை பார்த்தார். பிறகு பலகையைத் துடைத்து மீனை எடுத்து வைத்தார்.

அமிர்தகௌரி துறைக்குத் துரோகம் செய்ததாகச் சொல்லி வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார். பேராசிரியர், மீன் கடைக்காக ஓர் ஊர் தன் வரலாற்றை விற்றுவிட்டதென்று நாளிதழில் எழுதினார்.

தன்னால் காக்க முடியாத வாக்கைக் கொடுத்து, பிறகு உண்மையைச் சொன்ன அமிர்தகௌரி. கட்டடத்துக்காக ஓர் அங்குலமும் இறங்காத ரகோத்தமன். கொடுத்த கையெழுத்தைத் திரும்ப வாங்கிய சூசைமரியாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சூசைமரியாள் செய்ததே சரி. ஒரு வாக்கை நம்பிக் கொடுத்த சம்மதம், அந்த வாக்கு போனதும் கொடுத்தவருக்கே திரும்பிவிடுகிறது. அதை வாங்கும் முன்பும் அவர் கட்டடத்தைக் காக்கக் கடைசியாக ஒரு கதவைத் தட்டினார். அமிர்தகௌரி உண்மை சொன்னது பெரிய காரியம்தான். ஆனால் தன் கையில் இல்லாததற்குப் பொறுப்பேற்றது பிழை. அந்தப் பிழைக்கு விலை கொடுக்கவிருந்தவர்கள் எண்பத்தாறு பேர். ரகோத்தமன் இரும்பைப் பற்றிச் சொன்னதில் தவறே இல்லை. கட்டடமும் மனிதர்களும் சேர்ந்தே பிழைக்க ஒரு வரி போதும் என்றிருந்தபோது, பேனா அவரிடம்தான் இருந்தது. அவரிடம் ஊர் இன்றுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மீன்கார அம்மாவைத் திட்டுவது எளிதாக இருந்தது.