கவிழ்ந்த டம்ளரும் பன்னிரண்டு பக்க உரையும்

கூவலம்பட்டி தொடக்கப்பள்ளியில் அன்று குடும்ப அறிவியல் மாலை. பிள்ளைகளும் பெற்றோரும் கையால் செய்துபார்க்க மேசை மேசையாகச் சோதனைகள் காத்திருந்தன. ஏழு மணிக்குக் கடைசி பஸ். சிறப்பு விருந்தினர் பேராசிரியர் ஆளவந்தாரோ, "என் உரை முடியும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது" என்று சொல்லி, பன்னிரண்டு பக்க உரையைப் பிளாஸ்டிக் ஃபைலோடு மேசையில் வைத்தார்.

"பிள்ளைங்க முதல்ல தொட்டுப் பார்க்கட்டுமே ஐயா," என்றாள் சத்துணவு சமைக்கும் வெள்ளத்தாயி.

"சோறு பொங்குறவளுக்கு அறிவியலா? தண்ணியோட டம்ளரைச் சிந்தாமக் கவுத்துக் காட்டு, அப்புறம் பேசு!"

வெள்ளத்தாயி கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மேலே ஓர் அட்டையை அழுத்திப் பிடித்துக் கவிழ்த்தாள். அப்படியே அவருடைய ஃபைல்மேல் வைத்து, அட்டையை மெல்ல உருவிவிட்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கூட்டம் கைதட்டியது. ஆளவந்தார் ஃபைலைத் தொட்டார், டம்ளர் ஆடியது; தூக்கினால் தண்ணீர் முழுதும் உரைமேல் கொட்டிவிடும். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். தாள் இல்லாமல் அவருக்கு வணக்கத்துக்கு மேல் ஒரு வரி வரவில்லை.

"இதை எடும்மா!"

"கவுக்கத்தான சொன்னீங்க ஐயா?"

அதற்குள் பிள்ளைகள் மேசைகளை மொய்த்துவிட்டார்கள்.

"எப்படித்தான் எடுக்கிறது?" ஆளவந்தார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கையால செஞ்சு பார்த்தாத்தான் வரும். மூணாவது மேசையில டம்ளரும் அட்டையும் இருக்குங்க ஐயா. வரிசையில நில்லுங்க."